குறுக்குப் பேச்சு

எங்கள் பல் செட்டுப் பட்டறையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஆள் விளங்காது. எல்லோருக்கும் அவர் ‘சுத்தம்’. சுத்தம் சோறு போடும் என்பார்கள். இவருக்குப் பட்டப்பெயர் போட்டது. தேய்த்து முடித்த செயற்கைப் பல்லில் ஒரு பிசிறு தெரிந்தால் போதும், மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கு எதிர் மேசை அவருடையது. நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

எங்களைச் சேர்த்துவைத்தது பல் இல்லை, ஓர் இசைக்குழு. நாலு பேர் பாடினார்கள், அதனால் நாங்கள் ‘நால்வர்’ என்போம். அவர்கள் வெளியிட்டது ஒரே ஒரு கேசட். மற்றதெல்லாம் மேடையில் பாடி மேடையிலேயே விட்டுவிட்டுப் போன பாட்டுகள். குழு கலைந்து இருபது வருஷம் ஆகியும் எங்களுக்குப் பைத்தியம் தெளியவில்லை. யாராவது கச்சேரிக்குள் ஒளித்து எடுத்துப்போய்ப் பதிந்த கேசட் கிடைத்தால், கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சல் நீக்கி, எங்களுக்குள் அனுப்பிக்கொள்வோம். மொத்தம் அறுபத்து மூன்று பேர். தலைவர் அண்ணன்தான்.

இருப்பதிலேயே நல்ல பதிவுகள் மூன்று. மூன்றும் அவர் எடுத்தவை. சரியாகச் சொன்னால் அண்ணியின் கைப்பை எடுத்தவை. வாசலில் ஆம்பிளைகளின் சட்டைப் பையைத்தான் துழாவுவார்கள். ரெக்கார்டர் அண்ணியின் பைக்குள் போய்விடும். அண்ணிக்கு அந்தப் பாட்டுகளில் துளியும் ஈடுபாடு கிடையாது. புருஷனுக்காகப் போனார். போன இடத்தில் வாய் சும்மா இருக்கவில்லை. “அந்த டிரம்ஸ்காரருக்கு யாராவது தண்ணி குடுங்களேன், பாவம்.” “அடுப்ப அணைச்சேனா?” “இது முன்னாடியே பாடினதுதானே?” மூன்று கேசட்டிலும் சேர்த்தால் இருபது நிமிஷம் தேறும். அதற்கு எங்கள் குழுவில் ‘குறுக்குப் பேச்சு’ என்று பெயர். சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். கேட்டு எரிச்சலும் படுவோம்.

அந்தப் பேச்சைப் பதிவிலிருந்து நீக்க அண்ணன் மூன்று வருஷம் உட்கார்ந்தார். அதே கச்சேரிகளை மாடியிலிருந்து வேறொருவர் மங்கலாகப் பதிந்திருந்தார். அண்ணி பேசிய இடங்களை வெட்டி, அங்கே அந்தத் துண்டுகளை ஒட்டினார். ஒட்டு எங்கே இருக்கிறதென்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. நாங்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினோம். குழுவின் சட்டமும் அவர் போட்டதுதான்: புதுசு வந்தால் பழசை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுக்குப் பதிவும் ஊர் சுற்றும், எது நல்லது என்றே தெரியாமல் போகும் என்றார். ஒவ்வொருவரும் ‘அழித்தாயிற்று’ என்று எழுத வேண்டும். அறுபத்து இரண்டு பேரும் எழுதினோம். நானும்தான். மூலக் கேசட்டுகளை வீடு மாறும்போது அவரே தூக்கிப் போட்டார்.

அதற்கப்புறம் அண்ணிக்குக் குரல் கம்மியது. சளி என்று இரண்டு வருஷம் ஓட்டினார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் தப்பியது, பேச்சு போனது. குழந்தைகள் எழுதி அழிக்கும் பலகை ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டார். நான் பார்க்கப் போனபோது, “உங்க அண்ணனுக்கு இப்பதான் நிம்மதி” என்று எழுதிக் காட்டினார். நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

டைப் அடித்தால் பேசும் போன் ஒன்று கொடுத்தார்கள். அண்ணி அதில் “சாப்பிட்டுட்டுப் போங்க” என்று அடித்தார். ரயில் தாமதமாக வருகிறது என்று அறிவிப்பதுபோல் போனுக்குள்ளிருந்து ஒரு பெண் சொன்னாள். அண்ணி போனைக் கவிழ்த்து வைத்தவர்தான், திரும்பத் தொடவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் ஒரு வழி சொன்னார். பழைய குரல் பத்து நிமிஷம் கிடைத்தால் போதும், போனை அந்தக் குரலிலேயே பேச வைக்கலாம்.

வீட்டில் இருந்ததை எல்லாம் அண்ணன் போட்டுப் பார்த்தார். கல்யாண வீடியோவில் குரலுக்கு மேல் பாட்டு. போன் வீடியோக்களில் கம்மிப்போன குரல். அதற்கு முந்தியவற்றில் அண்ணி கேமராவைக் கண்டு ஓடுகிறார். மறுநாள் பட்டறைக்கு வந்தவர் மேலங்கியைக்கூட மாட்டவில்லை.

“டேய், பழசு எதாவது வெச்சிருக்கியா?”

“அழிச்சிட்டேன் அண்ணே. நீங்கதானே சொன்னீங்க.”

குழுவுக்கு எழுதினார். காரணத்தை எழுத வெட்கம். ‘சுத்தம் செய்யாத பதிவு யாரிடமாவது இருக்கிறதா?’ என்று மட்டும் கேட்டார். அங்கேதான் குடி கெட்டது. தலைவர் சட்டத்தைச் சோதிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள் பாவிகள். ‘இல்லை தலைவரே’, ‘அன்றைக்கே அழித்தாயிற்று’, ‘சத்தியமாக இல்லை’ என்று வரிசையாக வந்தது. கடைசியாக ஒரு தையற்காரர் எழுதினார்: ‘என்னிடம் மூன்றும் மிச்சம் இருந்தன. இப்போதுதான் அழித்தேன். மன்னிக்கவும்.’

அதைப் படித்ததும் அண்ணன் எழுந்துவிட்டார். கையிலிருந்த பல் செட்டு விழுந்து உடைந்தது, அவர் குனியக்கூட இல்லை. அடுத்த பஸ்ஸில் இருவரும் போய் அந்தத் தையற்காரரின் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு வந்தோம். ரிப்பேர் கடையில் மூன்று நாள் நோண்டினார்கள். ஒன்றும் வரவில்லை. “நானே ஊமையாக்கிட்டேன்டா” என்றார் அண்ணன். நானும் அழித்தவன்தான்.

ஆறாம் நாள், தூங்குமூஞ்சி என்று நாங்கள் சொல்லும் ஒருவன் அண்ணனைப் போனில் கூப்பிட்டான். குழுவில் அந்த ஒரு ‘அழித்தாயிற்று’ தவிர எதற்கும் பதில் போடாத பேர்வழி. “தலைவரே, பாட்டெல்லாம் இல்ல. அந்தக் குறுக்குப் பேச்சுல ஒரு துண்ட முன்னாடி ரிங்டோனா வெட்டி வெச்சேன், சும்மா கிண்டலுக்கு. அது இருக்கு. வேணுமா?”

அனுப்பினான். மொத்தமே நாலு வினாடி. அண்ணன் காதில் மாட்டிக் கேட்டார். என் காதில் வைத்தார். முதலில் அண்ணியின் குரல், கம்மாத குரல். அடுத்து அண்ணனுடையது.

“பின்னாடி இருக்கறது நான்டா. அத வெட்டிட்டுக் குடுத்துடட்டுமா?”

“நீங்க வெட்டின வரைக்கும் போதும் அண்ணே.”

அன்று சாயங்காலம் நானும் அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் அதைப் போட்டார்.

“ஏங்க, நான் பேசினா இதுல விழுமா?”

“விழும். வாய மூடு.”

அண்ணி மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தார். பிறகு பலகையை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதி அண்ணன் பக்கம் திருப்பினார்.

“மூடிட்டேன்.”

நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தவர்போல என்னைப் பார்த்தார். அண்ணன் அதை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.