பாட்டிலில் ஒட்டிய ஈயம்

உக்கடம் நெரிசலில் பஸ்ஸுக்குள் நின்றிருந்தபோது போன் வந்தது. "செல்வநாயகி மேடம் போயிட்டாங்கங்க" என்றார் எங்கள் வேதியியல் துறை உதவியாளர். செல்வநாயகி கல்லூரியில் அத்தனை வருஷமும் என் பக்கத்து மேசைக்காரர். எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

தண்ணீரில் கலந்த ஈயத்தை அளப்பது அவருடைய ஆராய்ச்சி. கரி மின்முனையைத் தண்ணீரில் வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் ஈயம் அதன் முகத்தில் படியும்; அழுத்தத்தை மாற்றினால் கரைந்து வெளியேறும். அப்போது எழும் மின்னோட்டம் அளவைச் சொல்லும். அந்த முகத்தை அவர் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய துணி, அவருடன் பழகிய உங்களுக்கு நினைவிருக்கும். டீக்குக் கூப்பிட்டால், "வாரேனுங்க, இதும் மூஞ்சி இன்னும் அழுக்காவே இருக்குது" என்பார். டீ ஆறிப்போகும்.

அவருடைய அண்ணனுக்குக் கிணத்துக்கடவு பக்கம் பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறை இருந்தது. ஊர்க் கிணற்றில் ஈயம் இறங்குகிறதென்று பேச்சு கிளம்ப, அண்ணனே ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார். சோதனையில் ஒன்றுமில்லை. எங்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார்.

செல்வநாயகி மட்டும் இனிப்பைத் தொடவில்லை. "அமிலம் உடாம நாள்கணக்குல வெச்சிருந்திருக்காரு. ஈயம் பாட்டில்லயே ஒட்டியிருந்தா?" என்றார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, காலி பாட்டிலில் அமிலம் ஊற்றிக் குலுக்கிச் சோதித்தார். ஈயம் இருந்தது. அதுவும் போதாதென்று தானே போய்க் கிணற்றில் தண்ணீர் எடுத்துவந்து பார்த்தார். அதிலும் இருந்தது.

"அண்ணனாச்சே, கொஞ்சம் யோசிங்க" என்றேன். செல்வநாயகியின் மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தாய்மாமன் சீர் அண்ணன்தான் கொண்டுவர வேண்டும்.

"அந்தத் தண்ணியக் கொழந்தைங்க குடிக்குதுங்க."

ஊராரிடம் சொல்லிவிட்டார். பட்டறை மூடப்பட்டது. கல்யாணத்துக்கு அண்ணன் வரவில்லை. மணமேடையில் செல்வநாயகி கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அண்ணன் தங்கை பேச்சுவார்த்தையே இல்லை.

துக்க வீட்டில், எடுப்பதற்கு முன், பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டிய கோடிச் சேலைக்காகக் காத்திருந்தோம். அண்ணன் வருவாரா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வந்தார். தங்கையின் மேல் கோடிச் சேலையைப் போர்த்தினார். பிறகு என்னிடம் வந்தார்.

"வருசா வருசம் அந்தக் கெணத்துத் தண்ணிய அவதானுங்க வந்து எடுத்துட்டுப் போவா. நான் தோட்டத்துல நின்னு பாத்துட்டே இருப்பனுங்க. ஒரு வார்த்த பேசுனதில்லீங்க. இனி ஆருங்க பாப்பாங்க?"

"நான் பாக்கறனுங்க" என்றேன்.

செல்வநாயகியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது அந்தக் கிணற்றைத்தான். காரியம் முடிந்ததும் தண்ணீர் எடுக்கப் போகிறேன். பாட்டிலை அண்ணன் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.