பூட்டுக்காரர் வீட்டு மூன்று காவல்காரர்கள்

கடைத்தெரு வளையும் இடத்தில் பூட்டுக்காரரின் கடை. ஒருவர் உள்ளே உட்கார்ந்தால் அடுத்தவர் வெளியேதான் நிற்க வேண்டும். எந்நேரமும் சாவியை அரத்தால் ராவிக்கொண்டே இருப்பார். அரத்தின் சத்தத்தை மீறிக்கொண்டு அவர் வாய்ச்சத்தம் கேட்கும். சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்குப் புதுச் சாவியோடு உபதேசமும் உண்டு, அது இலவசம்.

“பூட்டை உடைச்சுக்கிட்டு வர்ற திருடன் ரொம்பக் கம்மிங்க. முக்கால்வாசி வீட்டுல நாமளே கதவைத் திறந்து, வாங்க, உக்காருங்கன்னு சொல்லித்தான் களவு குடுக்கிறோம்.”

களவு போன வீட்டுக்குப் பூட்டு மாற்றப் போனால், தலையில் கைவைத்து அழுதுகொண்டிருப்பவர்களிடமும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “கதவை யாரு திறந்தது?” இந்த மனுஷனுக்கு ஈவு இரக்கமே கிடையாது என்று அவர் மனைவி சொல்வாள். இப்போது அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்.

மனைவி தையல்காரி. நாடகக் குழுக்களுக்கு உடை தைப்பவள். கோட்டு, கவுன், ராணுவ உடுப்பு என்று ஒவ்வொன்றின் வெட்டு வரைபடத்தையும் கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்தாள். எந்த நடிகருக்குத் தோள் அகலம், யாருக்குத் தொப்பை கூடியிருக்கிறது என்பது வரை அதற்குள் இருந்தது. அவளுடைய பத்து வருட உழைப்பு. அதைக் காப்பாற்றும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, பூட்டுக்காரர் எடுத்துக்கொண்டார்.

பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் மெக்கானிக் அன்றைக்கே சொன்னார். “அண்ணே, கம்ப்யூட்டரோடயே ஒரு ஆன்டிவைரஸ் வருது. வீட்டுக்கு அது போதும். அப்டேட் கேட்டா பண்ணுங்க, கண்டதையும் அமுக்காதீங்க, முக்கியமானதை ஒரு காப்பி எடுத்துத் தனியா வைங்க.”

“வீட்டோட வர்ற பூட்டை நம்பி எவனாவது தூங்குவானாய்யா? அப்புறம் நான் எதுக்குக் கடை வச்சிருக்கேன்?” என்றார் பூட்டுக்காரர்.

அந்தக் கெத்தோடு வீட்டுக்கு வந்து, இலவசமாகக் கிடைத்த மூன்று ஆன்டிவைரஸ்களை ஏற்றினார். ஒரே வாசலுக்கு மூன்று காவல்காரர்கள். ஆனால், மூன்று பேரும் வருகிறவர்களை விட்டுவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். முதலாவது, இரண்டாவதை வைரஸ் என்றது. இரண்டாவது, மூன்றாவதைக் காட்டிக்கொடுத்தது. கம்ப்யூட்டர் எழுந்து நிற்பதற்குள் மனைவி ஒரு சட்டைக்குக் காலர் வைத்துத் தைத்துவிடுவாள்.

ஒருநாள் உள்ளிருந்து குரல் வந்தது. “என்னங்க, என் கோட்டுக் கையைக் காணோம்!”

பூட்டுக்காரர் போய்ப் பார்த்தார். கோட்டுக் கையின் வரைபடத்தைக் காவல்காரர்களில் ஒருவர் விழுங்கியிருந்தார்.

“அது சந்தேகப்படுற மாதிரி இருந்திருக்கும்மா.”

“ஒரு கோட்டுக் கையில என்னங்க சந்தேகம்?”

“பாதுகாப்புன்னா சும்மாவா?” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு நடையைக் கட்டினார். மனைவி உட்கார்ந்து அந்தக் கையைத் திரும்ப வரைந்தாள்.

அப்புறம் வந்தது அந்த மத்தியானம். ஏதோ பழைய பெட்டிப் பூட்டின் படத்தை இணையத்தில் தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, அபாயச் சங்கு ஊதியது. ‘உங்கள் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழைந்துவிட்டான். உடனே இந்த எண்ணுக்குப் பேசவும்.’ திருடன் என்ற சொல்லைக் கண்டதும் மனிதருக்குக் கைகால் ஓடவில்லை. பேசினார்.

அடடா, என்ன குரல், என்ன மரியாதை! “சார், பயப்படாதீங்க. உங்களை மாதிரி ஜாக்கிரதையான ஆளைப் பார்க்கிறதே அபூர்வம் சார்” என்றான் அவன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை. பூட்டுக்காரருக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவரைப் புரிந்துகொண்ட முதல் ஆள்!

அவன் சொன்ன இடத்திலெல்லாம் அமுக்கினார். இதையும் சொல்லியாக வேண்டும், அந்த மூன்று காவல்காரர்களும் அன்றைக்கு அதிசயமாக ஒற்றுமையாகக் கத்தினார்கள்: ‘இது ஆபத்து. அனுமதிக்கவா?’ இவர் ஒவ்வொருவரையும் அதட்டி, அனுமதி, அனுமதி, அனுமதி என்று அமுக்கினார். திரையில் அம்பு தானாக நகர ஆரம்பித்தது. பூட்டுக்காரர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு, “மெதுவாப் பாருங்க சார், அவசரமே இல்ல” என்று சொல்லி, தண்ணீர் குடித்தார்.

இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மனைவி உள்ளே வந்தாள். அவர் கை டம்ளரில் இருக்கிறது, அம்பு திரையில் ஓடுகிறது.

“அதை யாருங்க நகர்த்துறது?”

“ஒரு நல்ல மனுஷன்மா. திருடனைத் தேடிக்கிட்டு இருக்காரு.”

அவள் நேரே சுவரோரம் போனாள். குனிந்து, சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

மெக்கானிக் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிளக்கைப் பிடுங்குவதற்குள்ளேயே வரைபடங்கள் எல்லாவற்றையும் அந்தப் போன் ஆள் பூட்டிவிட்டான். “சாவி அவன்கிட்ட இருக்குண்ணே. நம்மால திறக்க முடியாது. மொத்தமா அழிச்சுட்டுப் புதுசாப் போடணும்.”

பூட்டுக்காரர் வீட்டில், பூட்டுக்காரரால் திறக்க முடியாத பூட்டு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். மறுவாரம் நாடகம். பாதி உடுப்புதான் தைத்து முடிந்திருக்கிறது, மீதிக்கு அளவு கிடையாது. பத்து வருடத்தை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் தொலைத்துவிட்டார். மனைவியின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

அவள் திட்டவில்லை. அமைதியாகக் கேட்டாள். “கதவை யாருங்க திறந்தது?”

எத்தனை பேரிடம் கேட்ட கேள்வி! அவர்களெல்லாம் எப்படித் தாங்கிக்கொண்டார்கள் என்று அன்றைக்குத்தான் யோசித்தார்.

“நான்தான்மா” என்றார்.

அவள் எழுந்து தையல் மெஷினுக்குப் பின்னால் போனாள். அங்கே ஓர் ஆணியில் பழைய இஞ்ச் டேப்புகள் தொங்கும். அவற்றுக்கு நடுவிலிருந்து, நூலில் கட்டிய ஒரு பென் டிரைவைக் கழற்றி மெக்கானிக்கின் கையில் வைத்தாள். “நேத்து வரைக்கும் வரைஞ்சது எல்லாம் இதுல இருக்கு.”

பூட்டுக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிரோடு பழைய புத்தியும் வந்துவிட்டது.

“அடி கெட்டிக்காரி! வைரஸ் வரும்னு அப்பவே உனக்குத் தெரியுமா?”

“வைரஸுக்குப் பயந்து யாருங்க எடுத்தா? கோட்டுக் கை காணாமப் போச்சே, அன்னையிலேருந்து உங்களுக்குப் பயந்துதான் தினமும் ஒரு காப்பி எடுத்து வைக்கிறேன்.”

மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்று காவல்காரர்களையும் வீட்டுக்கு அனுப்பினார். கம்ப்யூட்டரோடு வந்த ஒன்று மட்டும் வேலையில் இருக்கிறது. நாடகத்துக்கு உடுப்பும் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது பூட்டுக்காரரேதான், “இந்த மகா புத்திசாலி இருக்கானே” என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி. களவு போன வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் கேள்வி கேட்பதில்லை; பேசாமல் பூட்டை மாற்றிவிட்டு வருகிறார்.

ஒருநாள் தற்செயலாகத் தையல் மெஷினுக்குப் பின்னால் பார்த்தார். ஆணியில் டேப்புகள் மட்டும் தொங்கின.

“ஏம்மா, அந்தப் பென் டிரைவ் எங்க?”

“பத்திரமா இருக்குங்க” என்றாள் மனைவி, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. “எங்கன்னு மட்டும் கேக்காதீங்க.”