வெட்டிவிட்டதாக நான் சொன்ன சொல்

நான் வேலை செய்யும் வீட்டில் வானொலியை அணைப்பதே இல்லை. அதில் பாட்டு கிடையாது. விடிந்தது முதல் படுக்கும்வரை பேச்சுதான். கப்பல்களுக்கான காற்று எச்சரிக்கை, ஆட்டுப் பண்ணைக்காரர்களின் குறை, அமைச்சரை ஒரு வாக்கியம்கூட முடிக்க விடாத காலைப் பேட்டி, பெண்களுக்கான நிகழ்ச்சி, மதிய நாடகம். இங்கிலாந்து முழுக்கக் கேட்கும் அந்தப் பேச்சு நிலையத்தை எண்பத்தெட்டு வயது டோரதி படுத்தபடி கேட்கிறார். நான் அவருக்கு உடம்பு துடைத்துக்கொண்டே கேட்கிறேன். திருச்சி எடமலைப்பட்டி புதூரில் எங்கள் அப்பா செய்தி வந்தால் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார், பாட்டு வந்தால் கூட்டுவார். இங்கே ஒரு நாடே தன் குரலைத் தானே கேட்டு ரசிக்கிறது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். நான்கு வருடத்தில் அந்த எரிச்சல் குறையவில்லை, பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த நிலையத்திலிருந்து கேட் என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். வெளிநாட்டிலிருந்து வந்து முதியவர்களைப் பராமரிப்பவர்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியாம். என் அறையில் கட்டிலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பதிவு செய்தாள். அப்பா இறந்தபோது என் விசா விண்ணப்பம் முடிவாகாமல் கிடந்தது, நாட்டை விட்டு வெளியேறினால் அது ரத்தாகிவிடும், அதனால் போகவில்லை என்று சொன்னேன். அவள் கண்ணை மூடி, “லவ்லி” என்றாள். செத்த வீட்டில் என்ன அழகு என்று எனக்குப் புரியவில்லை. பதிவு நன்றாக வந்திருக்கிறது என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது என்று பிறகுதான் தெரிந்தது.

நிகழ்ச்சி ஒலிபரப்பான நாளில் நான் விடுப்பில் ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்தவள், இரண்டு வாரம் தங்கியிருந்தேன். அண்ணனுக்குத் துவாக்குடிப் பக்கம் தொழிற்சாலை வேலை. தங்கை ரேடியோவில் பேசுகிறாள் என்று அன்றைக்கு லீவு போட்டிருந்தான். காலையிலிருந்தே என் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து நிலையத்தை ஓடவிட்டிருந்தோம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே வடகடலில் பலத்த காற்று என்று ஒருவர் நிதானமாகப் படித்தார். “யாருக்குச் சொல்றாங்க இதை?” என்று அண்ணி சிரித்தார். அண்ணன் பேட்டி, விவாதம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். மூன்றரை மணிக்கு என் குரல் வந்தது.

மொத்தமே நான்கு நிமிடம். விசா பற்றி ஒரு வரியும் இல்லை. டோரதியை நான் எவ்வளவு அன்பாகப் பார்த்துக்கொள்கிறேன் என்பது வந்தது. பிறகு அப்பா. “மை பிரதர் குட் நாட் லுக் ஆஃப்டர் ஹிம்” என்றது என் குரல், அண்ணனால் அவரைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று. அதன்பின் ஒரு பியானோ. பாட்டே போடாதவர்கள் அந்த இடத்துக்கு மட்டும் ஒரு பியானோவைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

அண்ணன் போனை அணைத்தான். “நான் பாத்துக்கலையா?”

“தனியாப் பாத்துக்க முடியலைன்னு சொன்னேண்ணே. அலோன்னு ஒரு வார்த்தை இருந்துச்சு. அதை வெட்டிட்டாங்க.”

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அண்ணி சமையலறை வாசலில் நின்றார். என்னை எப்போதும் நீ, வா, போ என்று உரிமையோடு அழைப்பவர். “மூணு வருஷம் நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து அப்பாவைக் குளிப்பாட்டினது இவருதாங்க. பெட்பேன் எடுத்ததும் இவருதான். நீங்க ஞாயித்துக்கிழமை வீடியோல பாத்தீங்க. அப்பவும் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னது இவரு கைதாங்க” என்றார். அந்த ‘நீங்க’ கன்னத்தில் அறைபோல விழுந்தது.

அன்று மாலையே, பதிவு செய்த அந்தப் பெண் கேட்டுக்குக் கடுமையாக எழுதினேன். என் வார்த்தையைத் திருடி என் குடும்பத்தைக் கெடுத்துவிட்டாய், திருத்தம் வெளியிடு, இல்லாவிட்டால் மேலே புகார் செய்வேன் என்றேன். எத்தனையோ நாள் அந்த நாட்டிடம் சொல்ல முடியாமல் அடக்கியதையெல்லாம் அந்தக் கடிதத்தில் கொட்டினேன். மறுநாள் அவள் பதில் எழுதினாள். வருத்தம் தெரிவித்திருந்தாள், நேரம் போதாமல் பல பகுதிகளை எடுத்தோம், ஆனால் எந்த வாக்கியத்தின் உள்ளேயும் கை வைக்கவில்லை என்றிருந்தாள். முழுப் பதிவையும் இணைத்திருந்தாள்.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து முக்கால் மணி நேரத்தையும் கேட்டேன். ‘அலோன்’ இல்லை. முன்னால் இல்லை, பின்னால் இல்லை. அதைவிட மோசமானவை இருந்தன. அண்ணன் அப்பாவைச் சென்னைக்குக் கூட்டிப்போயிருக்கலாம், அவனுக்கு அக்கறை போதாது என்று யாரோ ஒரு வெள்ளைக்காரியிடம் நான் வரிசையாகக் குறை சொல்லியிருந்தேன். அவள் அதையெல்லாம் விட்டுவிட்டு, இருந்ததிலேயே மிதமான ஒன்றைத்தான் எடுத்திருந்தாள். சாவுக்கு வராதவள் நான். அதற்குப் பழி போட அந்தக் கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஆளைத் தேடியிருக்கிறேன், அண்ணன் கிடைத்திருக்கிறான். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்து அண்ணனிடம் பொய் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாகவே நம்பியிருந்தேன். இதைப் படிக்கும் உங்களில் யாரும் இதை நம்ப வேண்டியதில்லை.

மிச்ச நாட்களில் அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. கிளம்பும் அன்று விமான நிலையத்துக்கு ஆட்டோவில் போகும்போது, காவிரிப் பாலத்தின் மேல் சொன்னேன். “அண்ணே, அவங்க எதையும் வெட்டலை. நான்தான் அந்த வார்த்தையைச் சொல்லலை.”

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். “தெரியும். உன் பேச்சு எனக்குத் தெரியாதா? நடுவுல மூச்சு விடாம சொன்னே.”

“மன்னிச்சிருண்ணே.”

“ஊரு பூரா கேட்டாச்சு. என்கிட்ட மட்டும் மன்னிப்பு கேட்டா ஆச்சா?”

விமான நிலையத்தில் என் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினான். வரிசையில் எனக்குப் பின்னால் முசிறியிலிருந்து வந்த ஒரு அம்மா, சிங்கப்பூரில் மகளைப் பார்க்கப் போகிறவர், எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அண்ணனாம்மா? மூக்கும் நெத்தியும் அப்படியே உரிச்சு வச்ச மாதிரி இருக்கு.”

நான் வாய் திறப்பதற்குள் அவன் சொன்னான். “இல்லைங்க. பெட்டி ஏத்திவிட வந்தேன்.”

“போயிட்டு வரேன்” என்றேன். “சரி, போ” என்றான்.

பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனேன். கண்ணாடிக்கு அப்பால் அவன் ஆட்டோவைத் தேடி நடப்பது தெரிந்தது. ஓடிப்போய்க் கூப்பிடலாம் என்று திரும்பினேன். காவலர் கையை நீட்டித் தடுத்தார். உள்ளே போனவர் வெளியே வரக் கூடாதாம். நின்றிருந்த தரை திருச்சிதான். அதிலிருந்து திருச்சிக்குள் போக எனக்கு வழி இல்லை.