இருவாச்சியின் அலகு

திருவனந்தபுரத்தில் வெயிலடிக்கும்போதே மழை கொட்டும். இங்குள்ளவர்கள் பேச்சை நிறுத்தாமல் குடையை விரிப்பார்கள். நான் கேமராவைத் துணியில் சுற்றிக்கொண்டு வானத்தைத் திட்டுவேன். நம் திருநெல்வேலியில் வெளிச்சத்துக்குக் குறைவில்லை, ஆனால் படமெடுக்கக் காக்கையும் ஆடும்தான். இங்கே காடு நிறையப் பறவை. சிறுவயதில் பிடித்த பைத்தியம். கல்யாண மோதிரத்தை விற்றுப் படம் பதிக்கும் கண்ணாடித் தகடு வாங்கியவன் நான்.

பொன்முடிச் சரிவில் ஒரு மரப்பொந்தில் இருவாச்சிப் பெண் அடைகாத்தது. வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு, அலகு நீட்டுமளவு பிளவு மட்டும் விட்டு உள்ளேயே கிடக்கும். சிறகு உதிர்ந்துவிடுவதால் பறக்கவும் முடியாது. ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து ஊட்டினால்தான் உயிர். மூன்று நாள் அட்டை கடிக்கக் கடிக்க நின்று, மரத்தில் தொற்றியிருந்த ஆணைப் படமெடுத்தேன்.

பேசாமல் பெட்டியில் வைத்திருக்கலாம். சர்க்கார் கச்சேரியில் என்னை யாரும் பேர்சொல்லிக் கூப்பிட்டதில்லை. குமாஸ்தா வேலைக்கு வந்த நாள்முதல், தமிழன் என்பதால் ‘பாண்டி’தான். இதைப் பார்த்தாவது மதிக்கட்டுமே என்று சூப்பரண்டு நாணுப்பிள்ளையிடம் காட்டினேன்.

“கொள்ளாமல்லோ பாண்டி! இது எவிடெயாணு?”

அவர் மெச்சியதில் வாயெல்லாம் பல்லாக, மரம் நிற்கும் இடத்தை வரைந்தே கொடுத்தேன். அவரிடம் துப்பாக்கி இருப்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

மறுவாரம் வாழையிலைப் பொட்டலத்தோடு வந்தார். “வாதத்துக்கு நல்ல இறைச்சியாணு. நீ காட்டித் தந்ததல்லே, இது நின் பங்கு.”

“சாரே, பொந்துக்குள்ள பொட்டை இருந்துச்சே! குஞ்சும் இருக்குமே!”

“அதை ஞான் கண்டில்லல்லோ. படத்தில ஒண்ணுதானே உண்டாயிருந்தது?”

தோளில் கைபோட்டு, “இவன் நம்மட ஆளாணு” என்று எல்லோரிடமும் சொன்னார். பாவி, எனக்கு அது இனித்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டேன்.

லீவு கிடைத்து மலையேற இன்னும் நான்கு நாளாயிற்று. கேமராவின் கால் மரத்தில் தட்டியது. ஆண்தான் வந்துவிட்டதென்று நினைத்ததோ என்னவோ, பிளவில் அலகு மெல்ல நீண்டு திறந்தது. என் கையில் பழமில்லை. முதலில் படமெடுத்தேன். தகட்டைப் பத்திரப்படுத்திய பிறகுதான் அத்திமரம் தேடி ஓடினேன். திரும்பி வந்து மரத்தைத் தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். அலகு வரவில்லை.

அலகு திறந்த அந்தப் படம் இப்போது கச்சேரிச் சுவரிலும் இருக்கிறது, திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக் கூடத்திலும் இருக்கிறது. ‘என்ன தத்ரூபம்!’ என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.