தார்ச்சாலைக்குக் காத்திருந்த கார்

மஸ்கட்டிலிருந்து மாமா திரும்பி வந்த அந்த முறை, அவருடைய பெட்டியில் வழக்கமான சோப்பும் சென்ட்டும் பால்பவுடரும் இல்லை. அவை இருக்க வேண்டிய இடம் முழுவதையும் ஒரு கார் அடைத்துக்கொண்டிருந்தது. வெள்ளையும் நீலமுமாக, என் முழங்கையைவிடச் சற்று நீளமான, ரிமோட்டில் ஓடும் ராலி கார். அது எனக்கென்றே வாங்கியது என்று மாமா சொன்னார். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. எனக்கு அவர் சொன்னதெல்லாம் வேதம்.

சமமான சாலையில் மட்டுமே இதை ஓட்ட வேண்டும் என்று கார் இருந்த அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அப்பா அதை உரக்கப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, ஜன்னல் வழியாக எங்கள் தெருவைப் பார்த்தார். செம்பாக்கம் ஏரிக்கு அந்தப்புறம் அப்போதுதான் மனைகளாகிக்கொண்டிருந்த பகுதி அது. பள்ளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடாதபடி தடுப்பதற்காகவே நடுவில் கொஞ்சம் மண்ணை விட்டுவைத்ததுபோல் தெரு இருக்கும். சாலை போடுவதற்கென்று பஞ்சாயத்து கொட்டிய ஜல்லிக் குவியலில் எருக்கஞ்செடி பூத்திருந்தது.

"அப்போ ரோடு வர்ற வரைக்கும் இது பெட்டியிலதான்" என்றார் அப்பா.

வீட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் பூஜை போடாமல் அம்மா விடமாட்டார். அப்பாவின் ஸ்கூட்டருக்குச் செய்தபடியே இந்தக் காருக்கும் சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் ஆயின. நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் நான்கு எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டன. மாமா ரிமோட்டை அழுத்தினார். கார் உறுமியது, பழத்தின் மேல் ஏற முயன்றது, பின்வாங்கி, மீண்டும் முயன்று, கடைசியில் நான்கு எலுமிச்சம்பழங்களையும் நான்கு திசைகளில் உருட்டிவிட்டு ஹால் நடுவில் மூச்சிரைத்து நின்றது.

"ஒரு எலுமிச்சம்பழத்த நசுக்க முடியல. இது ராலி காராம்" என்றார் அப்பா.

"பவர் பத்தல அத்தான். கொஞ்சம் அப்கிரேட் பண்ணிட்டா சரியாயிடும்."

அந்தக் 'கொஞ்சம்' மாதக்கணக்கில் நீண்டது. மாமா ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது மோட்டாரும், சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியும் வாங்கிவந்தார். மோட்டார் பலம்பெற்றதும், இனி வேகமாக மோதிக்கொள்ளுமே என்ற கவலை பிறந்தது. எனவே அப்பாவின் பழைய ரப்பர் செருப்பை அறுத்து முன்னால் ஒரு பம்பர் பொருத்தினார். மழை வந்தால் ரிசீவர் நனைந்துவிடும் என்று, தாம்பரம் மார்க்கெட்டில் வாங்கிய சிவப்புப் பலூனுக்குள் அதை நுழைத்து வாயைக் கட்டினார். மோட்டாருக்குள் தூசி போகாமலிருக்க என் பள்ளிக்கூட சாக்ஸ் ஒன்று போயிற்று. மேற்கூடு விரிசல் விடாதிருக்க அதன் உட்புறம் முழுவதும் மருந்துக்கடை பேண்டேஜ் துணியைச் செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டினார். பசை மிஞ்சிவிட்டதால் வெளிப்புறத்திலும் ஒரு சுற்று சுற்றினார். அடிப்பாகத்தைக் கல் கீறக் கூடாது என்று என் ஜியாமெட்ரி பாக்ஸின் மூடி அங்கே திருகப்பட்டது. கணக்கு டீச்சரிடம் மூடி எங்கே என்பதை விளக்க நான் பட்ட பாடு தனி.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் நான் கேட்பேன்: "இப்போ ஓட்டலாமா மாமா?"

"இன்னும் ஒரே ஒரு வேலைதான் குட்டி. முடிஞ்சதும் மொத ரவுண்டு உனக்குத்தான். சத்தியம்."

அந்த முதல் ரவுண்டு ஒன்றையே நினைத்து நான் பள்ளிக்குப் போய்வந்தேன். உலகத்தில் வேறெந்தப் பெரியவருக்கும் என் விளையாட்டுக்காகக் காலை முதல் மாலை வரை உட்கார நேரமிருக்கவில்லை. என் மாமாவுக்கு மட்டும் இருந்தது. அதில் எனக்கு அளவற்ற பெருமை.

அம்மா மட்டும் ஒரு விதி வைத்திருந்தார். மாமா எப்போது மஸ்கட்டுக்குத் திரும்பிப் போவார் என்று அவரிடம் கேட்கவே கூடாது. நான் கேட்க நினைத்ததே இல்லை. அவர் போனால் வண்டியை யார் முடிப்பது? ஆனால் அடுத்த வீட்டு டீச்சர் ஆன்ட்டி அந்த விதியை அறியாதவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பும்போதெல்லாம் எங்கள் கேட்டருகே நின்று கேட்பார்.

"என்ன தம்பி, லீவு இன்னும் முடியலயா? நல்ல கம்பெனியா இருக்கே!"

"வண்டி வேல கொஞ்சம் பாக்கி இருக்கு டீச்சர்" என்பார் மாமா, திருப்புளியிலிருந்து கண்ணை எடுக்காமல். உள்ளே அம்மா பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமான சத்தத்தோடு கழுவுவார்.

அப்படியிருக்கையில்தான், யாரும் எதிர்பாராத ஒரு காலையில், தார் டின்களோடும் ரோடு ரோலரோடும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். எருக்கஞ்செடி போயிற்று. பிற்பகலுக்குள் தெருவின் பாதி, மேலே மண் தூவப்பட்டு, கறுப்பாகச் சமமாகிவிட்டது. மாமா வண்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். அவர் முகத்தில் மகிழ்ச்சியைவிடத் திகைப்பே அதிகம் இருந்ததாக இப்போது தோன்றுகிறது. கேட்பதற்கு என்னிடம் இருந்த கேள்வி ஒன்றுதான். தள்ளிப்போட அவரிடம் காரணம் எதுவும் மிஞ்சவில்லை.

அம்மா விடவில்லை. முதல் பூஜை முழுமையடையவில்லை என்பது அவருடைய மாதக்கணக்கான உறுத்தல். ஆனால் எலுமிச்சம்பழத்தை மறுபடி நம்ப அவர் தயாராக இல்லை. ஃப்ரிட்ஜிலிருந்து நான்கு கறுப்பு திராட்சைகளை எடுத்துவந்து சக்கரங்களுக்கு முன்னால் வைத்தார்.

"இதையாவது நசுக்குமா?" என்றார் அப்பா.

சாலை போட வந்த ஆள் ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். "இன்னா சார் இது, ஒடம்பெல்லாம் கட்டு போட்டுகினு கீது! ஆஸ்பத்திரிலேர்ந்து நேரா வருதா?"

மாமா ரிமோட்டை என் கையில் வைத்தார். நான் அழுத்தினேன். நான்கு திராட்சைகளும் நசுங்கின. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கார் பாய்ந்தது, செருப்பு பம்பரும் கட்டுத்துணியும் சிவப்புப் பலூனுமாக அது பறந்த அழகை என்னால் விவரிக்க முடியாது. மண் தூவிய பகுதி முடிந்து, அதற்கப்பால் சாலை கண்ணாடிபோல் மின்னியது.

"அங்க விடு குட்டி, அங்கதான் செம ஸ்மூத்!" என்று மாமா கத்தினார்.

"பாப்பா, அந்தாண்ட வுடாத! மண்ணு இன்னும் போடல!" என்று அந்த ஆளும் அதே நேரத்தில் கத்தினார்.

நான் மாமாவின் பேச்சையே கேட்டேன். கார் மின்னும் தாருக்குள் நுழைந்தது, மெதுவாயிற்று, முனகிற்று, நின்றது. மாமா ஓடிச்சென்று அதன் இடுப்பைப் பிடித்து இழுத்தார். வண்டி முழுசாகக் கையோடு வந்தது, சக்கரங்களைத் தவிர. மழை, தூசி, கல், மோதல் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றப்பட்ட அந்தக் காரில், சாலையிலிருந்து காப்பாற்ற வேண்டிய பாகத்தை யாரும் யோசித்திருக்கவில்லை. நான்கு சக்கரங்களும் தாரில் நட்டுவைத்ததுபோல் நின்றன. சாலைக்காரர் அவற்றின் மேல் பதவிசாக மண்ணைத் தூவினார்.

அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவும் ஜல்லி மிச்சத்தின் மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அப்பா சிரிப்பதை நிறுத்திவிட்டார். மாமாவுக்குக் கண்ணீர் நிற்கச் சற்று நேரமாயிற்று.

"இனிமே பாக்கி வேல ஒண்ணும் இல்ல அத்தான்" என்றார் மாமா.

எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கும் அப்பா அன்று, "சரி, எழுந்திரு. நாளைக்கு என்கூடக் கெளம்பு" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மாமா தாடியை மழித்து, சட்டையை உள்ளே விட்டு, ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு அப்பாவுடன் கிண்டிக்கு ரயிலேறினார். தொழிற்பேட்டையில் கிடைக்காத பொருளே இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வதால், இருவரும் எதற்குப் போகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அம்மா மாமாவின் நெற்றியில் விபூதி இட்டது மட்டும் சற்று அதிகப்படியாகத் தோன்றியது.

மாலையில் கேட்டின் மேல் ஏறி நின்று காத்திருந்தேன். இருவரும் புதுச் சாலையின் ஓரமாக நடந்து வந்தார்கள்.

"சக்கரம் கெடச்சுதா மாமா?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"சொல்லி அனுப்புறேன்னு சொல்லியிருக்காங்க குட்டி."

"நாலும் கெடச்சிடுமா?"

"ஒண்ணு கெடச்சாப் போதும்" என்றார் மாமா.

பக்கத்தில் நின்ற அப்பா அவர் தோளில் கைவைத்து உள்ளே அழைத்துப்போனார். மோட்டாரே மாற்றத் தெரிந்த மாமா இப்படிப் பேசுவது எனக்கு மிகுந்த கவலையளித்தது. ஒரே ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு ஒரு கார் எப்படி ஓடும் என்று, அன்று இருட்டும்வரை கேட்டின் மேலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.