லாரியோடு போன புத்தகப் பை

பெரியவனே, சின்னவளே, இந்த வாரம் உங்கள் புதுப் பைகள் இரண்டும் வார் அறுந்தன. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார், போய்ச் சண்டை போடுங்கள் என்று என்னை விரட்டுகிறீர்கள். நான் போகமாட்டேன். காரணத்தை வாயால் சொல்ல எனக்கு வராது. எட்டாவதோடு நின்றவன், எழுதினால் பிழை இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் வயதில் நானும் ஒருவரை இப்படித்தான் ஏமாற்றுக்காரர் என்று நினைத்தேன். அவர் என் சித்தப்பா.

எழுபதுகளின் கடைசி. சேவூரில் எங்கள் தெருவிலேயே மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். நெய்த புடவைகளை ஆரணிக்கு எடுத்துப் போகும்போது என்னையும் பின்னால் ஏற்றிப் பள்ளியில் இறக்கிவிடுவார். ‘வண்டியைப் பற்றி ஒரு புகார் வந்தாலும் பையன் நடந்துதான் போவான்’ என்று அப்பா சொல்லியிருந்தார். எனக்கு அந்த ஒரு பயம்தான்.

காலையில் எங்கள் தெருவில் பாவு விரித்திருப்பார்கள். தறியில் ஏற்றப்போகும் பட்டிழைகள் தெரு நீளத்துக்கு, இடுப்பு உயரத்தில், இரண்டு வரிசையாக நிற்கும். நடுவில் ஓர் ஆள் போகும் சந்து. சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது வழக்கம். சித்தப்பா இறங்கமாட்டார். ஓர் இழையைக்கூட ஹேண்டில் தொடாமல் ஓட்டிக்கொண்டே போய்விடுவார். முதலில் திட்டியவர்கள்கூடப் பிறகு வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை அவர் ஆரணி ரோட்டுக்கும் கொண்டுபோனார். இரண்டு வண்டிகள் பக்கம் பக்கமாகப் போனால் அவருக்கு அதுவும் பாவுச் சந்துதான். பாவு விரித்த இடத்திலேயே நிற்கும், லாரி நிற்காது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

அன்று எங்களுக்கு முன்னால் டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது. அதை முந்த வலப்பக்கம் ஒரு நெல் லாரி வந்தது.

“கெட்டியா புட்ச்சிக்கோடா” என்று சொல்லிவிட்டு, சித்தப்பா இரண்டுக்கும் நடுவில் நுழைந்தார். பஸ்ஸின் தகரம் என் இடது முழங்காலை உரசியது. உடனே யாரோ என் தோளை வெடுக்கென்று பிடித்து இழுத்தார்கள். பட்டென்று ஒரு சத்தம். சித்தப்பா பிரேக்கை மிதித்தார். பஸ்ஸும் லாரியும் எங்களைத் தாண்டிப் போயின. பார்த்தால், லாரியின் பக்கவாட்டில் கயிறு கட்டும் கொக்கி ஒன்றில் என் காக்கிப் பை ஆடிக்கொண்டே போகிறது.

“லாரிக்காரன் பையத் திருடிகினு போறான் சித்தப்பா! தொரத்துங்க!”

அவர் துரத்தவில்லை. வண்டியை ஓரம் கட்டி இறங்கினார். என் சட்டையை விலக்கித் தோளைப் பார்த்தார். கழுத்தைத் தடவினார், கையைத் தடவினார், மறுபடியும் கழுத்தைத் தடவினார்.

“பை போவுது சித்தப்பா!”

“போனா போவுட்டும்டா.”

எனக்குச் சந்தேகம் விழுந்தது அங்கேதான். எந்த லாரியையும் முந்திக் காட்டுவேன் என்று பீற்றிக்கொண்டவர், ஏன் துரத்தவில்லை? இவரும் லாரிக்காரனும் கூட்டு என்று முடிவு செய்தேன். என் புது வண்ணப் பென்சில்களை இருவரும் எங்கே விற்பார்கள் என்றுகூட யோசித்தேன்.

சாயங்காலம் அம்மா கேட்டாள். “பை எங்கடா?”

சித்தப்பா முந்திக்கொண்டார். “வழியில வார் அறுந்து வுழுந்துட்ச்சி அண்ணி.”

“வுழுந்ததுகூடத் தெரியாம ரெண்டு பேரும் இன்னா பேசிகினு போனீங்க?”

அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். லாரியைப் பற்றிச் சொன்னால் நாளையிலிருந்து நடைதான். பழியை யார் மேலாவது போட்டாக வேண்டும்.

“எல்லாம் உன்னாலதாம்மா. வெள்ளை நூல்ல ஒட்டுத் தையல் போட்டுக் குடுத்தே. பட்டு நூல்ல தைச்சிருந்தா அறுந்திருக்குமா?”

“ஞாயித்துக்கெழம அழுத்தமா தைக்கலாம்னு இருந்தேன்” என்றாள் அம்மா, தப்புச் செய்தவள்போல.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பாவின் கை தட்டிலேயே நின்றது. பாதிச் சோற்றில் எழுந்து போய்க் கை கழுவினார். மடியில் கனம் இல்லாதவர் எதற்கு எழுந்து போகிறார்?

மறுநாள் அவரே புதுப் பை வாங்கி வந்தார். வந்ததும், தையற்காரர் போட்டிருந்த வார்த் தையலைப் பிரித்துவிட்டு, வெள்ளை நூலால் லேசாகத் தைத்தார். திரும்பிய பக்கமெல்லாம் பட்டு நூல் கிடக்கிற வீட்டில்! ஏமாற்றுக்காரர்தான், எனக்கு உறுதியாகிவிட்டது.

அதன் பிறகு அவர் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போனார். பாவு விரிப்பவர்கள் விடவில்லை. “இன்னா தம்பி, மாட்ட மேய்ச்சலுக்கு ஓட்டிகினு போறியா?”

“ஆமாண்ணா, புல்லு எங்க நல்லா கீது?” என்று சிரித்துவிட்டுத் தள்ளுவார். ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு நிற்போம். சைக்கிள்காரர்கள் மணியடித்தபடி எங்களைத் தாண்டிப் போவார்கள். எனக்கு மானம் போனது. லாரிக்காரன் பங்கு கேட்டு மிரட்டுகிறான், அதுதான் முன்னால் போகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

யாரும் இல்லாத நேரம் பார்த்து, நாலு பட்டு இழைகளைச் சேர்த்து முறுக்கி வாரை அழுத்தமாகத் தைத்தேன். இரண்டு நாளில் அது வெள்ளை நூலாக மாறியிருந்தது. மறுபடியும் பட்டு. மறுபடியும் வெள்ளை. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருடம் முழுக்க எங்களுக்குள் இந்தச் சண்டை நடந்தது.

பெரியவனே, உனக்கு மூன்று வயது இருக்கும்போது உன்னை வண்டியில் வைத்துக்கொண்டு போளூருக்குப் போனேன். ஒரு லாரி எங்களை ஒட்டிக்கொண்டு போனது. வரிசையாகக் கொக்கிகள், சரியாக உன் தோள் உயரத்தில். அங்கேயே ஓரம் கட்டி உன் கழுத்தைத் தடவினேன். அந்த வருடம் முழுக்க நான் எந்த நூலால் தைத்துக்கொண்டிருந்தேன் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பட்டு நூலாக இருந்திருந்தால், லாரியோடு போயிருப்பது பை மட்டும் அல்ல.

போன சனிக்கிழமை, நண்பன் வண்டியில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் புகுந்து வந்த கதையை நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் கத்தினேன். நீ எழுந்து போய்விட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் விளையாடப் போன பிறகு, உங்கள் பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கடையில் போட்ட நைலான் தையலை பிளேடால் பிரித்தேன். வெள்ளை நூலில் நாலே நாலு தையல் போட்டு, வாரை ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தேன். அறுந்தது. திருப்தியாக மறுபடியும் தைத்தேன்.