தண்ணி லாரிக் கதை

ராயபுரத்து ஜானட்டுக்கு ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலை. சின்ன வயதில் அவள் படித்த கதைப் புத்தகங்களில் எல்லாம் மாந்தோப்பும் முயல்குட்டியும்தான் இருந்தன. தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய பிள்ளை ஒன்றுகூட இல்லை. அந்தக் கடுப்பில் அவளே ஒன்றை எழுதிவிட்டாள். அதில் ஒரு சின்னப் பெண், தெருவே நடுங்கும் இருதயம்மாளைச் சண்டையில் ஜெயித்து முதல் குடம் பிடிக்கிறாள்.

இருதயம்மாள் எதிர்வீட்டுக்காரி. பெயரைக்கூட மாற்றாமல் வம்பை விலைக்கு வாங்கியிருந்தாள் ஜானட். வேறு எந்தப் பெயரும் அந்த வாய்க்குப் பொருந்தவில்லை, என்ன செய்ய?

புத்தகம் வந்த வாரமே, மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள் இருதயம்மாள். ஜானட் கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"சண்டைக்காரின்னு எழுதிட்டேன்னு கோவமா ஆன்ட்டி?"

"அது இன்னா பொய்யா? படம்கூட ஷோக்காத்தான் கீது. ஆனா நான் தோத்துட்டேன்னு போட்டுகீறியே, எப்பனா தோத்துகீறனா? நீயே சொல்லு."

ஜானட் யோசித்துப் பார்த்தாள். இல்லைதான். சின்ன வயதில் இந்த அம்மாளிடம் தோற்று எத்தனை நாள் காலிக் குடத்தோடு வீட்டுக்கு அழுதுகொண்டே போயிருக்கிறாள்!

"பசங்க படிக்கிற கதை ஆன்ட்டி. சின்னப் பொண்ணு ஜெயிச்சாத்தான் புக்கு போடுறவங்களுக்குப் புடிக்கும்."

"அப்டியா? நாளிக்கு ஒரு குடம் எடுத்துகினு லாரிக்கு வரச் சொல்லு அவங்கள."